மழைக்கு முளைத்த காளானும் மூன்று தலைமுறையும்

"நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்" என்பது நம் நாட்டிற் பெரியோர் இளைஞரை அடக்குதற்கு வழங்கும் ஒரு வசை. குடிப்பெருமை இல்லாதவன், வேரில்லாதவன், நாளை மறைந்துபோகிறவன் என்னும் மூன்று குற்றத்தையும் ஒரு தொடரில் அடக்கிய சிக்கனத்தை யாம் மெச்சுகின்றோம். ஆயினும் இவ்வசையைக் கேட்குந்தோறும் எமக்கு நகை பிறப்பதுண்டு. என்னை? எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகக் காளான் விளைத்தே உண்டுவருகின்றனர். எம் தாய்ப்பாட்டனார் 1980-களிற் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற் பயிற்சி பெற்று வந்து, தாமிரபரணிக்கு அணித்தான எங்கள் ஊரில் ஓலைக் குடில் ஒன்று வேய்ந்து சிப்பிக் காளான் வளர்த்தார். அவருக்குப் பின் அதனை ஏற்றவர் எம் அன்னையார். மூன்றாவது தலைமுறையினராகிய யாமோ இக்கல்லூரியிலே தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயின்றுவருகின்றோம். விடுமுறைதோறும் வைக்கோல் அவிக்கின்றோம்.

சென்ற விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய இரவில், உடனுண்ட நண்பர் ஒருவர், பட்டம் பெற்ற பின் என்ன செய்வதாக எண்ணம் என்று வினவினார். வீட்டுத் தொழிலிற் சேர்தலும் எண்ணத்தில் உண்டு என்றோம். "காளான் பறிக்கவாடா தொல்காப்பியம் படிக்கிறாய்?" என்றார் அவர். பந்தி முழுதும் சிரித்தது, யாமும் சிரித்தோம். அதற்கு முந்திய வாரத்திலேதான் எம் பெரியப்பா, "படித்த பிள்ளை வீட்டிலே தொழிலை வைத்துக்கொண்டு அயலான் வாசலில் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்? பாட்டன் ஏற்றிய விளக்கை நீதானப்பா அணையாமற் காக்க வேண்டும்" என்று கூறியிருந்தார். அன்று தொட்டு இவ்விரு சொற்களும் எம் செவியில் மாறிமாறி ஒலிக்கின்றன.

இவை ஒன்றற்கொன்று மாறுபட்டவைபோலத் தோன்றினும், இரண்டிலும் இருப்பது ஒரே பிழை என்பது எமது கருத்து. தொழில் என்பதை வயல்போலவும் வீடுபோலவும் கிடந்த இடத்திற் கிடக்கும் ஒரு பொருளாக இருவரும் எண்ணிவிட்டனர். ஒருவர் அதனை எடுத்துக்கொள் என்கின்றார். மற்றொருவர் எறிந்துவிடு என்கின்றார். தந்தை மகனுக்கு விட்டுச் செல்லக் கூடியவை கட்டடமும் கடனும் வாடிக்கைக்காரரும் மட்டுமே. தொழிலையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டும். ஆகவே, பிள்ளை குடும்பத் தொழிலிற் சேர்வதாயின் அயலான் ஒருவன் சேர்வதுபோலவே சேர்தல் வேண்டும்; அயலானுக்கும் பிள்ளை புகுவதுபோன்றே புக வழியிருத்தல் வேண்டும். உள்ளிருப்போன் விரும்பினால் வெளியே போகவும், வெளியிலிருப்போன் விரும்பினால் உள்ளே வரவும் கதவு திறந்திருக்குமாயின், அத்தொழில் எத்தனை தலைமுறை தொடரினும் நன்று. அடைத்த கதவுக்குள் தொடர்வதாயின் ஒரு தலைமுறையும் மிகையே.

இதனை ஆராய்தற்கு எங்கள் ஓலைக் குடில் மிகச் சிறிது. அதன் வயதும் குறைவு. நூறாண்டுக்கு மேலாகக் குடும்பம் குடும்பமாகக் காளான் விளைத்துவரும் ஓர் ஊரை நோக்குவதே தக்கது என்று கருதி, அவ்வூரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். அவ்வூர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்துச் செஸ்டர் மாவட்டத்தில் உள்ள கென்னட் ஸ்கொயர் என்பது. தன்னை உலகத்தின் காளான் தலைநகர் என்று அழைத்துக்கொள்ளும் சிற்றூர் அது. அந்நாட்டில் விளையும் காளானிற் பாதிக்கு மேற்பட்டது பென்சில்வேனியாவில் விளைவதாகலின், அப்பெருமையை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கே இத்தொழில் தோன்றிய வரலாறு சுவையுடையது. வில்லியம் ஸ்வெய்ன் என்பவர் அவ்வூரிற் பூ வளர்த்து விற்றவர். கண்ணாடி வீட்டிற் பூஞ்செடிகள் மேடைமேல் இருக்க, மேடைக்கடியில் இடம் வீணாவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து காளான் வித்து வரவழைத்து 1885-ஆம் ஆண்டையொட்டி அவ்விடத்தில் இட்டார். விளைவு நம்பிக்கை அளித்தது. எனவே பின்னர்க் காளானுக்கென்றே தனி வீடு ஒன்று கட்டினார். தட்பவெப்பத்தை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத் தனி வீடு வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டதே அவ்வூரின் நல்லூழாயிற்று.

எமக்கு இவ்வரலாற்றில் தந்தையினும் மகனைப் பற்றிய செய்தியே பெரிதாகப் பட்டது. அவர் மகனார் ஜே. பான்கிராப்ட் ஸ்வெய்ன் கல்வியை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பித் தந்தையின் தொழிலை ஏற்றார். எம் நண்பர் அக்காலத்து அவ்வூரில் இருந்திருப்பின் அவரையும் பந்தியில் வைத்துச் சிரித்திருப்பார். திரும்பிய மகனார் தந்தை செய்ததையே செய்துகொண்டு இருந்தாரல்லர். வித்து உண்டாக்கும் கூடம் ஒன்றைச் சேர்த்தார். காளானைத் தகரக் குப்பிகளில் அடைக்கும் ஆலை ஒன்றையும் சேர்த்தார். தந்தையிடமிருந்து அவர் பெற்றது ஒரு காளான் வீடு. அயல்நாட்டு வித்தை எதிர்நோக்கியிருக்கும் நிலையையும், விற்குமுன் அழுகிவிடும் பண்டத்தின் அச்சத்தையும் நீக்க முயன்றது மகனின் பங்கு. மேடைக்கடியிற் கிடந்த இடத்தைத் தந்தை கண்டார். தந்தையின் தொழிலிற் கிடந்த குறையை மகன் கண்டார். ஏற்றல் என்பதற்கு இதுவே பொருள் என்பேம்.

இனி, அத்தொழிலின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கூறாவிடின் மழைக்கு முளைப்பதற்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். அங்கே விளையும் மொட்டுக்காளானுக்கு முதலில் எரு ஆக்க வேண்டும். குதிரை இலத்தி படிந்த வைக்கோலும், உலர்ந்த புல்லும், கோழி எருவும், ஜிப்சமும் நீர் விட்டுக் கலந்து குவிக்கப்படும். குவியல் தானே வெந்து, 70 பாகைக்கு மேலும் சூடேறும். அதனைப் பலமுறை புரட்ட வேண்டும். பின் அறைக்குள் இட்டு, 60 பாகை அளவிற் சூடு காட்டிப் பூச்சியும் தீய பூசணமும் ஒழிந்தபின், அம்மோனியா வாடை அறவே நீங்கும்வரை ஆற்ற வேண்டும். அப்பால் வித்து இடுவர். இரு வாரத்தில் வெள்ளிய இழைகள் எருவெங்கும் ஓடிப் பரவும். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த மட்கிய பாசிமண் போர்த்தி, அறையைக் குளிர்வித்துக் காத்திருந்தால் மொட்டுத் தோன்றும். எருக்குவியலில் தொடங்கி, பறித்து முடித்து அறையை நீராவியாற் கழுவும்வரை ஏறத்தாழ 15 வாரம் செல்கின்றது. மொட்டு வந்தபின்னரோ ஒருநாளைக்கு ஒருமடங்கு பருக்கின்றது. காலையிற் பறிக்க வேண்டியதை மாலைக்கு ஒத்திவைத்தால் குடை விரிந்து விலை போய்விடும். காளானுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கிறிஸ்துமஸ் நாளும் இல்லை. ஓரிரவில் முளைத்தது என்று ஏசுவோர் அவ்விரவுக்கு முந்திய பல வாரத்தை அறியார்.

இத்தகைய தொழிலிலே பழமை என்று பற்றிக்கொள்ளத்தக்கது யாது? பாரிசு நகரில் 1894-ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையத்தார் தூய வித்தைத் தோற்றுவிக்கும் வழி கண்டனர். 1905-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய டக்கர் காளானின் சதையிலிருந்தே வித்து எடுக்கும் முறையை விளக்கி எழுதினார். 1932-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியைச் சார்ந்த சிண்டன் என்பார் தானியமணிகளின்மேல் வித்து வளர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எங்கள் குடிலிற் சோளமணிமேல் வளர்ந்து புட்டியில் வரும் வித்தும் அம்முறையின் வழிவந்ததே. 1920-களின் நடுவிற் பென்சில்வேனியாவிற் கபில நிறக் காளானிடையே வெள்ளைக் காளான் ஒன்று தற்செயலாய்த் தோன்ற, அதன் வழிவந்ததே இன்று கடைகளிற் காணும் வெண்மொட்டு. குளிரூட்டும் பொறி வருவதற்கு முன் வேனிலிற் காளான் வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. வந்த பின் ஆண்டு முழுதும் விளைவாயிற்று. ஆகவே வித்து மாறிற்று, நிறம் மாறிற்று, பருவமும் மாறிற்று. நான்கு தலைமுறையாகக் காளான் விளைக்கும் குடும்பம் என்று ஒருவர் தம்மைக் கூறிக்கொண்டால், நான்கு வேறு தொழிலைக் கற்ற குடும்பம் என்றே நாம் கொள்ளல் வேண்டும். பாட்டன் விளக்கை அணையாமற் காத்தல் என்று எம் பெரியப்பா கூறுவது அழகிய உவமை. ஆனால் எண்ணெய் விளக்கையே காத்துக்கொண்டிருந்தவர் மின்விளக்கு வந்த அன்று கடையை மூடினார்.

நிற்க. கென்னட் ஸ்கொயரைப் பற்றிப் படிக்கப் படிக்க எமக்கு வேறோர் ஐயம் எழுந்தது. குடும்பப் பண்ணை என்கின்றனரே, அஃது எந்தக் குடும்பம்? அவ்வட்டாரம் குவேக்கர் சபையினர் நிறைந்தது. தொடக்கத்தே காளான் வீடு கட்டியவருட் பலர் அவர்களே. எருப் புரட்டவும் படுக்கை அமைக்கவும் இத்தாலியிலிருந்து குடியேறியவர் கூலிக்கு வந்தனர். அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தாமே காளான் வீடு கட்டினர். காலம் செல்லச்செல்ல அத்தொழிலின் பெரும்பகுதி இத்தாலியப் பெயருடைய குடும்பங்களின் கைக்கு வந்தது. இன்று மூன்றாந் தலைமுறை, நான்காந் தலைமுறை என்று பெருமை பேசுவோருட் பலருடைய முன்னோர் கூலிக்காரராகப் புகுந்தவரே. கதவு திறந்திருந்தது, அவர்கள் உள்ளே வந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பறிக்கும் வேலைக்குப் போர்ட்டோ ரிக்கோ தீவினர் வந்தனர். அவர்களுக்குப் பின் மெக்சிகோவிலிருந்து பலர் வந்தனர். பறித்த அளவுக்கே பெரும்பாலும் கூலி. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பலருக்குக் குடியிருக்கும் உரிமை கிடைத்தது. மனைவி மக்களும் வந்து சேர்ந்தனர். 1993-ஆம் ஆண்டில் அவ்வூரின் ஒரு பெரும்பண்ணையிற் பறிப்போர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய வழக்குப் பல்லாண்டு நீண்டது.

தந்தை பறித்த அறையிலேயே மகளும் பறிக்கின்றாள் என்றால் அதுவும் ஒரு பரம்பரைதானே? பண்ணைக்காரர் குடும்பத்தின் தலைமுறைகளை எண்ணும் நாம் பறிப்போர் குடும்பத்தின் தலைமுறைகளை எண்ணுவதில்லை. இத்தாலியருக்குத் திறந்த கதவு இவர்களுக்கும் அவ்வளவு எளிதில் திறக்குமோ? அக்காலத்தில் ஒரு காளான் வீட்டைக் கைப்பொருள் கொண்டு கட்டிவிடலாம். இக்காலத்துக் குளிரூட்டும் பொறியும், எரு ஆக்கும் கூடமும், அவற்றுக்கு வேண்டிய முதலும் கூலியாள் சேர்க்கத்தக்க அளவினவல்ல. அன்றியும் சிறு பண்ணைகளே பல அழிந்தன. அயல்நாட்டுக் குப்பிக்காளான் மலிந்த விலைக்கு வந்து குவிந்தமையால் நொந்த அமெரிக்கப் பண்ணையாரும் ஆலையாரும் முறையிட, 1998, 1999-ஆம் ஆண்டுகளிற் சிலி, சீனம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் குப்பிக்காளான்மேல் அந்நாட்டரசு தண்டவரி விதித்தது. அப்பட்டியலில் நம் நாட்டின் பெயரைக் கண்டபோது எமக்குச் சிறிது பெருமையும் உடன் வெட்கமும் தோன்றின என்பதை மறைப்பானேன்? நம் ஆலைகளில் அக்காளானைப் பறித்தவரின் கூலி எவ்வளவு சிறிதென்பதை யாரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் கூறிய பின், நம் நாட்டைப் பற்றிய ஒரு தடையை விடுத்தாக வேண்டும். பாட்டன் தொழில் என்னும் சொல் அமெரிக்காவில் ஒரு பெருமைச் சொல். நம்மிடையேயோ அது பலருக்குத் தளைச் சொல். 1953-ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளிற் சிறுவர் ஒருவேளை பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அது குலக்கல்வித் திட்டம் எனப் பெயர்பெற்றுப் பெருங்கிளர்ச்சிக்கு உள்ளாயிற்று. 1954-இற் காமராசர் பதவியேற்றபின் கைவிடப்பட்டது. வீட்டுத் தொழிலைப் பயிலுதல் நன்று என்று ஏட்டில் எழுதினால் இனிமையாகவே இருக்கும். மலம் அள்ளுவோன் மகனுக்கு அஃது எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்தார்க்கே அக்கிளர்ச்சியின் நியாயம் விளங்கும்.

எங்கள் வீட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. தந்தைவழிப் பூட்டனார் பனையேறியவர். காலையும் மாலையும் நாற்பது பனை ஏறி இறங்கியதால் அவர் நெஞ்சிலே பனைச் சிராய்ப்பு ஆறாத தழும்பாய் இருந்ததென்பர். மிஷன் பள்ளிக்கூடத்தில் மகனைச் சேர்த்த அன்று, "இந்த மரத்தை நீ தொடக் கூடாது" என்று அவர் கூறியதாக எங்கள் குடும்பத்திற் பேச்சு. அம்மகனார் ஆசிரியரானார். அவ்வாசிரியரின் மூத்த மைந்தரே, பாட்டன் ஏற்றிய விளக்கு என்று எமக்கு உரைத்த பெரியப்பா! தம் பாட்டனாரின் விளக்கை அணைத்ததனாலேயே தாம் நிழலில் அமர்ந்து பேசுகின்றோம் என்பதை அவர் மறந்தார். ஒரே வீட்டில் ஒரு முன்னோர் தம் தொழிலைத் தொடாதே என்றார். மற்றொருவர் எடுத்துக்கொள் என்றார். இருவர் சொல்லும் அன்பின் சொல்லே. ஒன்று வெளியே போகும் கதவைத் திறந்தது. மற்றொன்று உள்ளே வரும் கதவைத் திறந்தது.

காளான் விளைத்தல் நம் நாட்டில் எக்குலத்துக்கும் உரிய தொழிலன்று என்பதும் கருதத்தக்கது. 1940-களின் தொடக்கத்திற் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியிலே கே. எம். தாமஸ் என்பாரும் உடனிருந்தோரும் வைக்கோற் காளானை வளர்த்துக் காட்டிய பின்னரே இஃது இங்கே பயிர் என்று எண்ணப்பட்டது. ஆதலின் இன்னார் செய்யலாம், இன்னார் செய்யலாகாது என்று விலக்கும் பழைய வழக்கு எதுவும் இதற்கில்லை. அத்தகைய விலக்கை நாமே புதிதாய் உண்டாக்கிவிடாதிருத்தல் வேண்டும்.

உண்டாக்கக் கூடுமோ எனின், கூடும். சென்ற கோடையில் யாமே உண்டாக்கினோம். அதனைக் கூறுதற்கே இத்துணையும் எழுதினோம் என்று சொன்னாலும் பொருந்தும்.

எங்கள் குடிலில் அன்னையாரோடு பதினேழாண்டாக வேலை செய்யும் அக்கா ஒருவர் உண்டு. பாட்டனார் காலத்திறுதியிற் சேர்ந்தவர். வைக்கோலை நறுக்குவது, ஊறவைப்பது, அவிப்பது, கையிற் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் உலர்த்துவது, உருளைப் படுக்கை கட்டுவது அனைத்தும் அவர் கைப்பழக்கம். கோடையிற் சிப்பிக்காளான் சோர்ந்துபோகும்போது பால்காளான் இடலாம் என்று அன்னையார் பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டு வந்தபோது, மேல்மண் போர்த்தும் அளவைப் பழகி முடிவு கண்டவரும் அவரே. சென்ற கோடையில் அன்னையார் நோயுற்ற தங்கையாரைக் காணப் பத்து நாள் வெளியூர் சென்றார். குடில் எம் பொறுப்பாயிற்று. விறகின் விலையைக் கணக்கிட்டு நோக்கிய யாம், வைக்கோலை ஒரு மணி நேரம் அவிப்பது வீண்செலவு என்று துணிந்து, அரைமணியில் இறக்குவித்தோம். ஒரு தாளிலே கணக்கும் எழுதி வைத்தோம்: ஆண்டொன்றுக்கு இத்தனை ரூபாய் மிச்சம்!

எட்டாம் நாள் படுக்கைகளிற் பச்சைப் புள்ளி தோன்றிற்று. பத்தாம் நாள் எழுபது படுக்கையும் பச்சைப் பூசணம் பிடித்து நின்றன. வெள்ளிழை ஓடவேண்டிய இடமெல்லாம் பாசி படிந்த குளம்போலாயிற்று. அவற்றைத் தூக்கிச் சென்று தொலைவிற் குழிதோண்டிப் புதைக்கும்போது அக்கா, "அன்னைக்கே தெரியும் தம்பி, வைக்கோல் அவிஞ்ச வாடையே வரல" என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று சினந்து கேட்டோம். "நீங்க படிச்ச பிள்ளை, தாள்ல எழுதிக் கணக்குப் போட்டீங்க. நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன்" என்றார்.

எழுபது படுக்கையின் நட்டத்தை அன்னையார் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். அவ்வமைதியே எம்மை மிகவும் வருத்தியது. ஒரு கூலியாள் அவ்வாறு செய்திருப்பின் அன்றே கணக்கு முடிந்திருக்கும். யாம் பிள்ளையாதலின் தப்பினோம். பதினேழாண்டு அறிந்தவர் வாய் திறவாதிருக்க, பத்து நாள் அறிந்தவன் சொல் செல்லுபடியானது எதனால்? பிறப்பினாலன்றி வேறெதனாலும் அன்று. தமிழ் படித்தவர் காளான் பறிக்கலாகாது என்று நண்பர் சிரித்தார்; காளான் பறிப்பவர் சொல்லைத் தமிழ் படித்தவர் கேட்கவில்லை என்பதே நகைக்கத்தக்கது.

ஆகவே எம் கருத்தை வெளிப்படையாகக் கூறுவோம். குடும்பத் தொழிலிற் புகும் பிள்ளைக்கு முதலில் ஓராண்டேனும் கூலி பேசித் தரல் வேண்டும். 'எல்லாம் உனக்குத்தானே' என்று கூறி வெறுங்கையாய் வேலை வாங்குவது பெற்றோர் பலரின் வழக்கம். அதனால் பிள்ளைக்குத் தன் உழைப்பின் விலையும் தெரிவதில்லை, பிழையின் விலையும் தெரிவதில்லை. கணக்கேட்டைத் திறந்து காட்டல் வேண்டும். கடனைச் சாவுவீட்டில் அறிந்துகொண்ட மைந்தர் எத்தனை பேர்! முதியோர் உயிரோடிருக்கும்போதே தொழிலின் ஒரு கூற்றை முழுதாய் ஒப்படைத்து, அதன்கண் வரும் இழப்பையும் அவனே ஏற்குமாறு விடல் வேண்டும். மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு பாராட்டலாகாது. மாமா சென்னைக்குச் செல்ல, அன்னையார் ஏற்றதனாலேயே எங்கள் குடில் இன்றும் நிற்கின்றது. இவையெல்லாம் எளியவை, பலரும் ஒப்புவர். ஒப்ப அரியது ஒன்றுண்டு. பதினேழாண்டு உழைத்தவருக்குக் கூலி மட்டுமன்றித் தொழிலிற் சொல்லும் பங்கும் உண்டு என்பது அது. இத்தாலியர் கூலியாளாய்ப் புகுந்து உடையவராய் நின்றதைப் புகழ்ந்து எழுதும் எம் கை, சொந்தக் குடிலைப் பற்றி எழுதும்போது மட்டும் நடுங்குவது முறையோ? நடுங்கத்தான் செய்கின்றது. குடிலின் வரவு பெரிதன்று. பிரிக்கப் பிரிக்கச் சிறுக்கும் என்பதை யாம் அறியாமலில்லை.

பட்டம் பெற்றபின் இத்தொழிலிற் சேர்வோமோ, வேறு வழி நாடுவோமோ என்பதை இன்னும் முடிவு செய்திலேம். கற்பிக்கும் தொழிலிலும் எமக்கு ஆசையுண்டு. பனையேறியின் மகன் ஆசிரியரான வீடன்றோ! ஆனால் வருகின்ற கோடையை எவ்வாறு கழிப்பது என்பது முடிவாகிவிட்டது. குடிலின் கீழ்ப்புறத்து மூன்று வரிசையை அன்னையார் எம் பொறுப்பிற் கூலி பேசித் தருவதாக இசைந்துள்ளார். எத்தனை நாழிகை அவிப்பது என்பதை அக்காவே சொல்வார், யாம் எழுதிக்கொள்வோம். இதுவரை வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் வித்தை வீட்டிலேயே உண்டாக்கக் கற்க வேண்டும் என்பது அன்னையாரின் நெடுநாள் ஆசை. அதற்கான பயிற்சிக்கு இருவரை அனுப்பலாம். ஒருவர் யாம். மற்றவர் அக்காவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பிற் படிக்கின்றாள், தாவரவியலில் எம்மினும் நன்கு தேர்ந்தவள். அவ்வித்தில் வரும் ஊதியத்தை இரண்டு பெயரில் எழுதுவது என்று அன்னையாரும் யாமும் பேசி, கணக்கேட்டிற் புதிய பக்கம் ஒன்று கோடிட்டு வைத்துள்ளோம்.

பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.